பட்டியலில் இல்லாத பெயர்

செஞ்சிக்கு வடமேற்கே உள்ள அவலூர்பேட்டையில் சில மாதங்களுக்கு முன் ஓரிரவு தங்க நேர்ந்தது. நண்பர் இல்லத் திருமணம் முடிந்த மாலை. பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவ்வூரில் பிறந்து, அங்கேயே பள்ளிப் படிப்பை முடித்து, இன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பொறியாளராக இருக்கும் இளைஞர் ஒருவர் திண்ணையில் நம்மோடு அமர்ந்திருந்தார். நல்ல பிள்ளை. பெற்றோரை மறவாதவர். ஊர்ப் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு ஓசையின்றிப் பணம் அனுப்புபவர். பேச்சு பல திசைகளில் அலைந்து, இறுதியில் அவருடைய விடுமுறைத் திட்டத்தில் வந்து நின்றது.

"இன்னும் ரெண்டு வருஷத்துல ஆப்பிரிக்கா போறேன் ஐயா, வேட்டைக்கு" என்றார். கைப்பேசியில் ஒரு பட்டியலைத் திறந்து காட்டினார்.

நாம் அதுவரை கண்டிராத பட்டியல் அது. மூன்று ரைபிள்கள். முதலாவது, இம்பாலா போன்ற மான்களுக்கான இலகுவான ஒன்று. இரண்டாவது, இலண்டனின் ஹாலண்டு அண்டு ஹாலண்டு நிறுவனம் 1912-இல் வெளியிட்ட .375 தோட்டாவுக்கானது, முறுக்குக் கொம்பு கொண்ட குடு மான் முதல் காட்டெருமை வரை எதற்கும் உதவுமாம். மூன்றாவது, ரிக்பி நிறுவனம் 1911-இல் கொண்டுவந்த .416, ஏறத்தாழ 26 கிராம் எடையுள்ள குண்டை வீசுவது, காட்டெருமைக்கென்றே எடுத்துச் செல்வது. குண்டிலும் இருவகை: உடலுள் புகுந்ததும் காளான்போல் விரியும் மென்முனைக் குண்டு ஒன்று, விரியாமல் எலும்பைத் துளைத்துச் செல்லும் கெட்டிக் குண்டு மற்றொன்று. ஒரு பயணி விமானத்தில் 5 கிலோ தோட்டாவுக்கு மேல் கொண்டுசெல்ல இயலாது என்பதால், எந்த ரைபிளுக்கு எத்தனை தோட்டா என்பதையும் கணக்கிட்டு வைத்திருந்தார்.

இவ்வளவு பெரிய குண்டு எதற்கு என்று கேட்டோம். பொறுமையாக விளக்கினார். நமீபிய நாட்டுச் சட்டப்படி, காட்டெருமை, யானை போன்ற பெருவிலங்குகளைச் சுடும் குண்டு, குழலை விட்டு வெளியேறும்போது குறைந்தது 5400 ஜூல் ஆற்றல் கொண்டிருக்க வேண்டும். சிறு குண்டு விலங்கைக் கொல்லாமல் காயப்படுத்தும். காயம்பட்ட விலங்கு புதருள் கிடந்து நாட்கணக்கில் துடிக்கும். தேடிச் செல்பவரையும் கொல்லும். ஆகவே அது ஒருவகையில் இரக்கத்தின் சட்டமே. இதை நாம் மறுக்கவில்லை.

இறுதியில் நாம் ஒன்று கேட்டோம். "அந்த மிருகம் எங்க இருக்குன்னு யாரு காட்டுவாங்க தம்பி?"

"அதுக்கு டிராக்கர் இருப்பாரு ஐயா. அந்த ஊர் ஆளு. தடம் பாத்துக் கூட்டிட்டுப் போவாரு. பக்கத்துலயே தொழில்முறை வேட்டைக்காரர் ஒருத்தர் துப்பாக்கியோட நிப்பாரு, நம்ம குறி தப்பினா அவர் சுடுவாரு."

"தடம் பாக்குறவர் பேரு என்ன?"

இளைஞர் சிரித்தார். "அது அங்க போனாத்தான் ஐயா தெரியும்."

விலங்கைக் கண்டுபிடிப்பவர் ஒருவர். குறி தப்பினால் காப்பவர் இன்னொருவர். நடுவில் நின்று விசையை அழுத்துபவர் நம் ஊர்ப் பிள்ளை. ஊர் திரும்பிச் சுவரில் கொம்பை மாட்டி 'நான் வேட்டையாடினேன்' என்று சொல்லப் போகிறவரும் அவரே. மூன்று துப்பாக்கிகளுக்கும் இரண்டு வகைக் குண்டுகளுக்கும் இடம் தந்த பட்டியலில், உண்மையான வேட்டைக்காரனுக்கு ஒரு வரி இல்லை. இக்கட்டுரை அந்தச் சிரிப்பிலிருந்து பிறந்தது.

மறுநாள் காலை பேருந்து நிலையத்தில் காத்திருந்தோம். ஊசிமணியும் பாசிமணியும் விற்கும் நரிக்குறவப் பெரியவர் ஒருவர் அருகே வந்து அமர்ந்தார். மணிமாலை ஒன்று வாங்கிவிட்டுப் பேச்சுக் கொடுத்தோம். முந்தைய இரவின் நினைவு அகலாததால், வேட்டைக்குப் போனதுண்டா என்று கேட்டோம். முதலில் தயங்கினார். நாம் காவல் துறையோ வனத் துறையோ அல்லர் என்று நம்பிய பின்னரே வாய் திறந்தார்.

"எங்கப்பன்கிட்ட துப்பாக்கி இருந்திச்சு சாமி. குழல் வாயில மருந்தப் போட்டு, தேங்கா நார அடைச்சு, பால்ரச உள்ள விட்டு, கம்பியால கெட்டிக்கணும். ஒரு வெடி தப்பிச்சின்னா அன்னிக்குக் கஞ்சி இல்ல. அதனால சும்மா சுட மாட்டாரு சாமி. கௌதாரியப் பக்கத்துல வரவெச்சுத்தான் சுடுவாரு."

எப்படி வரவழைப்பார் என்று கேட்டோம். பெரியவர் வாயருகே கையைக் குவித்துக் கௌதாரியின் குரலை எழுப்பினார். பேருந்துக்குக் காத்திருந்தோர் வயற்புறம் திரும்பிப் பார்த்தனர். ஓசை இவரிடமிருந்து வந்தது என்றறிந்ததும் சிலர் நகைத்தனர். பெரியவர் கையைக் கீழே இறக்கிக்கொண்டார்.

"இப்ப சுட்டா ஜெயிலு சாமி" என்றார். "எங்க தாத்தன் காலத்துல தொரைங்க வேட்டைக்கு வந்தா எங்க ஆளத்தான் கூட்டிட்டுப் போவாங்களாம். அவங்க சுட்டா படம் புடிப்பாங்க. நாங்க சுட்டா கேசு."

முந்தைய இரவு நாம் வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் தவித்ததை, எழுத்தறியாத அம்முதியவர் மூன்று வரியில் சொல்லிவிட்டார்.

நம்மை யாரும் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தேவையான சட்டம். அது முதலில் உரிமம் பெற்றவரின் வேட்டைக்கு இடம் விட்டிருந்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வாயிலையும் அடைத்தது. அச்சட்டம் இல்லாதிருந்தால் நம் காடுகளில் இன்று எஞ்சியிருப்பவையும் எஞ்சியிரா. கௌதாரியைச் சுடும் உரிமையை மீட்டுத் தர வேண்டும் என்பது நம் வாதமன்று. நாம் கேட்பது வேறு. காட்டை வெறுமையாக்கியவர்கள் யார்? அதற்கான தண்டனையைச் சுமந்தவர்கள் யார்?

வரலாற்றைப் பார்ப்போம். சீட்டா எனப்படும் சிவிங்கிப்புலி ஒருகாலத்தில் இந்தியப் புல்வெளிகளில் ஓடித் திரிந்தது. இந்நாட்டில் அறியப்பட்ட கடைசி மூன்று சிவிங்கிப்புலிகளை 1947-ஆம் ஆண்டளவில் சுட்டு வீழ்த்தியவர் நடு இந்தியாவின் கொரியா சமஸ்தான மன்னர். 1952-இல் அவ்வினம் இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. அண்டைச் சமஸ்தானமான சர்குஜாவின் மன்னர் தம் வாழ்நாளில் 1100-க்கும் மேற்பட்ட புலிகளைச் சுட்டதாகக் கணக்குச் சொல்லிக்கொண்டவர். இவர்கள் நரிக்குறவர்கள் அல்லர். இவர்கள் கையிலிருந்தவை தேங்காய் நார் அடைத்த துப்பாக்கிகளும் அல்ல. பின்னாளில் நமீபியாவிலிருந்து சிவிங்கிப்புலிகளைக் கொண்டுவந்தோம். 2022 செப்டம்பரில் எட்டு விலங்குகள் மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டிற்கு வந்து இறங்கின. மன்னர் சுட்டதற்கான ஈட்டுத்தொகையை எந்த மன்னர் குடும்பத்திடமும் நாடு கேட்கவில்லை. ஆனால் கௌதாரி சுட்டவனின் பேரன் இன்றும் காக்கிச் சட்டையைக் கண்டால் தோள்பையை மறைக்கிறான்.

துப்பாக்கிப் பட்டியல் போடும் பழக்கமும் புதியதன்று. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவியிலிருந்து இறங்கியதும் தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்றார். ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிள் ஒன்று, வின்செஸ்டர் .405 ஒன்று, ஆங்கிலேய அன்பர்கள் பரிசளித்த இரட்டைக்குழல் ஹாலண்டு ஒன்று எனத் திட்டமிட்டுச் சென்றார். பன்றித்தோல் அட்டையிட்ட நூலகம் ஒன்றையும் சுமக்கச் செய்தார். அவரும் அவர் மகனுமாகச் சுட்டவை 512 விலங்குகள். அந்த எண்ணிக்கையை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அவர் புத்தகத்தின் அட்டையைக்கூட நினைவில் வைத்திருக்கிறது. பெட்டிகளைத் தலையில் தூக்கி நடந்த நூற்றுக்கணக்கான சுமைதூக்கிகளில் எத்தனை பேரை நினைவில் வைத்திருக்கிறது?

நம் பக்கத்துக் காடுகளுக்கு வருவோம். அதே .405 வின்செஸ்டரைச் சுமந்து சேலம், தருமபுரிக் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடியவர் பெங்களூரைச் சேர்ந்த கென்னத் ஆண்டர்சன். அவர் நேர்மையான எழுத்தாளர். காட்டைத் தனக்குக் கற்றுத் தந்தவர்களில் பைரா என்னும் பழங்குடி மனிதரை அவர் மறைக்காமல் எழுதினார். அந்தப் பைரா சட்டத்தின் கண்ணில் கள்ளவேட்டைக்காரர். ஆசிரியர் கள்வர், மாணவர் புகழ்பெற்ற வேட்டைக்காரர். இதைவிடத் தெளிவாக நம் வாதத்தை யார் சொல்ல இயலும்?

மறுதரப்பு வாதமும் நமக்குத் தெரியும். அந்தப் பொறியாளரே அதைச் சொன்னார். 'நான் கட்டும் பணம் அந்தக் காட்டைக் காக்கிறது. இறைச்சி ஊராருக்குப் போகிறது. காட்டால் வருமானம் இல்லையெனில் மக்கள் அதை அழித்து மாடு மேய்ப்பார்கள்.' இதில் உண்மை உண்டு. நமீபியாவில் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் ஊர்ச் சமூகங்களே வன உயிர்களை மேலாண்மை செய்ய வழி வகுத்தது. வேட்டைக் கட்டணம் அச்சமூகங்களுக்கு ஒரு வருவாய். கென்யா 1977-இலேயே வேட்டையை முற்றிலும் தடை செய்தது. ஆயினும் அதன்பின் 40 ஆண்டுகளில் அங்கு வன விலங்குகள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்தன என்று ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். தடை ஒன்றே மருந்தாகிவிடாது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் அந்த வாதத்தை முழுமையாகச் சொல்ல வேண்டும். அதே நமீபியாவில், கலகாரிப் பாலையின் நியாய் நியாய் பகுதியில், வேட்டையே வாழ்வாகக் கொண்ட சான் இன மக்கள் 1998-இல் தம் நிலத்தின் மேலாண்மையைப் பெற்றனர். வெளிநாட்டார் செலுத்தும் கட்டணத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டு. வில்லும் அம்பும் கொண்டு மரபு வழியில் வேட்டையாடும் உரிமையும் உண்டு. தடம் பார்ப்பவருக்குப் பந்தியில் இலை போட்டிருக்கிறார்கள். அண்டை நாடான போட்சுவானாவிலோ 2014-இல் வேட்டைத் தடை வந்தபோது, தனியார் வேட்டைப் பண்ணைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. இறைச்சிக்காக வேட்டையாடிய சான் மக்களுக்கு விலக்கில்லை. 2019-இல் அத்தடை நீக்கப்பட்டது. ஆக, வேட்டையா தடையா என்பதன்று கேள்வி. எந்த வழியைத் தெரிந்துகொண்டாலும், காட்டை அறிந்த ஏழைக்கு அதில் இடம் உண்டா என்பதே கேள்வி.

நம் முன்னோர் வேட்டையைப் பாடாதவர் அல்லர். கொல்லிமலை ஆண்ட வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் உருவி, புற்றிலிருந்த உடும்பில் சென்று தைத்தது என்று வன்பரணர் பாடியது புறநானூற்றில் உள்ளது. கெட்டிக் குண்டின் துளைப்பாற்றலை வியக்கும் இக்கால அன்பர்கள் அந்த அம்பின் எடையைக் கேட்கலாம். புலவரோ அம்போடு நின்றுவிடவில்லை. பசித்து வந்த பாணர் கூட்டத்திற்கு அக்காட்டிலேயே அவ்வேட்டுவன் ஊனும் தேனும் பொன்னும் கொடுத்ததையே முடிபாகப் பாடினார். வில்லாண்மை கொடையில் வந்து முடிந்ததால் அது பாட்டாயிற்று.

நம் திருச்சபையும் இதில் மௌனம் காத்ததில்லை. 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம் குருக்கள் வேட்டையாடுவதைத் தடை செய்தது. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, உணவுக்கும் உடைக்கும் விலங்குகளைப் பயன்படுத்துவது தகும் என்கிறது. தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு முரண் என்கிறது. இந்த அளவுகோலை முதலில் திண்ணைக்கும், பின்னர்ப் பேருந்து நிலையத்திற்கும் கொண்டுசெல்லுங்கள். கஞ்சிக்காகச் சுட்டவர் எந்தப் பக்கம் நிற்கிறார்? சுவருக்காகச் சுடப்போகிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார்? நம் சமூகமோ முன்னவரைக் குற்றவாளி என்றும் பின்னவரைக் கனவான் என்றும் எழுதி வைத்திருக்கிறது.

வேறு வழி இல்லையா? இருக்கிறது. அது நம் கண்முன்னே நடந்திருக்கிறது.

செங்கற்பட்டுப் பகுதி இருளர்கள் பாம்பு பிடித்துத் தோல் விற்று வாழ்ந்தவர்கள். 1972-ஆம் ஆண்டுச் சட்டமும், தொடர்ந்து வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அவர்கள் பிழைப்பைப் பறித்தன. அவர்களைக் கள்வர் என்று பெயரிட்டுக் கைகழுவியிருக்கலாம். ஆனால் 1978-இல், ரோமுலஸ் விட்டேக்கர் போன்றோரின் முயற்சியால், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அரசு அனுமதித்த அளவில் பிடித்து, சில வாரங்கள் வைத்து நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் பாம்புக்கடி நஞ்சு முறிவு மருந்துக்கான நஞ்சில் பெரும்பங்கு இவர்கள் கையிலிருந்து சென்றது. வயல் வரப்பில் கடிபட்டு மருத்துவமனையில் பிழைத்தெழுந்த நம் உழவர் பலரின் உடலில் ஓர் இருளரின் தடம் பார்க்கும் கண் ஒளிந்திருக்கிறது.

தமிழர் கடல் கடந்து வேட்டைக்குச் சென்ற கதை ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலச் சதுப்புக் காடுகளில், மனிதரால் கொண்டுவந்து விடப்பட்ட பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அங்குள்ள உயிரினங்களை அழித்துக்கொண்டிருந்தன. 2016-இல் ஒரு போட்டி நடத்தினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரு மாதம் தேடிப் பிடித்தவை 106. மறு ஆண்டு, ஃபுளோரிடா பல்கலைக்கழகமும் மாநில வனவுயிர் ஆணையமும் நம் இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும் வரவழைத்தன. இருவரும் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். ஆங்கிலம் அறியாதவர்கள். கையில் இருந்தது சிறு இரும்புக் கம்பி. புல் மடங்கிய விதத்தையும் எச்சத்தையும் பார்த்து நடந்தவர்கள் முதல் இரண்டு வாரங்களுக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். அவற்றில் ஒன்று 16 அடி நீளம். 2023-இல் இவ்விருவருக்கும் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

அவலூர்பேட்டைப் பொறியாளரின் பட்டியலை இதனருகே வைத்துப் பாருங்கள். அங்கே மூன்று ரைபிள்களும் 5 கிலோ தோட்டாவும். தடம் பார்ப்பவர் பெயர் தெரியாது. இங்கே தடம் பார்ப்பவர்களே பயணிகள், துப்பாக்கி இல்லை.

இரு மனிதருக்குக் கிடைத்த விருதால் ஓர் இனத்தின் துயர் தீர்ந்துவிட்டது என்று நாம் கருதவில்லை. செஞ்சி, திண்டிவனம் பகுதிகளில் எத்தனையோ இருளர் குடும்பங்கள் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணக் கடனுக்காக உழன்றதை நாம் அறிவோம். ஆயினும் ஒரு வாயில் திறந்தது. நரிக்குறவருக்கு அத்தகைய வாயில் எதுவும் திறக்கப்படவில்லை. துப்பாக்கியை வாங்கிக்கொண்டோம்; மணிமாலையைக் கையில் திணித்தோம். 'வாக்ரி' என்று தம்மை அழைத்துக்கொள்ளும் மக்களுக்கு நரியின் பெயரை நாமே சூட்டினோம். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க 1965-இலேயே லோகூர் குழு பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் இசைந்து, 2023 தொடக்கத்தில்தான் அது சட்டமாயிற்று. அந்தப் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்க நமக்கு ஏறத்தாழ 58 ஆண்டுகள் தேவைப்பட்டன. துப்பாக்கிப் பட்டியலை இளைஞர் ஒருவர் ஒரு விடுமுறைக்குள் முடித்துவிட்டார்.

இனி நாம் கேட்பவை சில. சாதிச் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலக வாசலில் நிற்கும் நரிக்குறவப் பெற்றோருக்கு விண்ணப்பம் எழுதித் தர நம் பங்குகளில் எழுத்தறிந்த நான்கு பேர் முன்வரட்டும். நம் பள்ளிகளில் அவர்கள் பிள்ளைகளைச் சேர்ப்பதோடு நில்லாமல், பக்கத்து இருக்கைப் பிள்ளை எழுந்து போகாதபடி பார்த்துக்கொள்ளட்டும். ஏரிகளில் பறவைக் கணக்கெடுப்பு நடத்தும் வனத் துறையும் இயற்கை ஆர்வலரும், குரலாலேயே கௌதாரியை அழைக்கத் தெரிந்தவர்களைக் கூலிக்கு அல்லாமல் வல்லுநராகவே அழைத்து ஊதியம் தரட்டும். இருளருக்கு 1978-இல் இயன்றது வாக்ரிகளுக்கு இன்று ஏன் இயலாது?

பொறியாளர் தம்பிக்கும் ஒரு சொல். போவதும் தவிர்ப்பதும் உங்கள் மனச்சான்றின் பொறுப்பு. தவிர்த்தால் மகிழ்வோம். போவதாயின், அந்தப் பட்டியலின் முதல் வரியைக் காலியாக விட்டு வையுங்கள். தடம் பார்க்கும் மனிதரைச் சந்தித்த அன்றே அவர் பெயரை அங்கே எழுதுங்கள். அவர் தம் சொந்த நிலத்தில், தம் பிள்ளைகளுக்காக, ஒரு மானைக் கொண்டுவர அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறதா என்று அவரிடமே கேளுங்கள். இல்லை என்று அவர் சொன்னால், உங்கள் .416-ஐப் பெட்டியிலேயே வைத்துப் பூட்டுங்கள்.

அன்று பேருந்து வந்ததும் அவசரமாக ஏறிவிட்டோம். சன்னலோரம் அமர்ந்த பின்னரே நினைவு வந்தது. அவ்வளவு நேரம் பேசியும், அந்தப் பெரியவரின் பெயரை நாமும் கேட்கவில்லை.